கார்ன்வால் சுரங்கங்களின் திறந்த கணக்கு

புத்தாக்கத்தின் ஆணிவேர் காப்புரிமையே என்போர் ஜேம்ஸ் வாட்டைச் சான்று காட்டுவர். நீராவி எந்திரத்தின் தனி ஒடுக்கிக்கு 1769இல் அவர் பெற்ற உரிமையை 1775இல் பிரித்தானிய நாடாளுமன்றம் 1800 வரை நீட்டித்தது. அந்தக் காப்பு இல்லையேல் அவருடைய தொழில் கூட்டாளி மாத்யூ போல்டன் முதலீட்டைத் தொடர்ந்திருப்பாரா என்பது ஐயமே. எனினும், உரிமை காலாவதியான பின் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில் நிகழ்ந்ததே இன்றைய தொழில்துறைக்குக் கூடுதலாகக் கற்பிக்கிறது என்பது என் வாதம்.

கார்ன்வாலில் செம்பும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி இல்லை. தென் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்த கரியை எரித்தே சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்க வேண்டியிருந்தது. பழைய நியூகோமன் எந்திரத்தைவிட மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றிலொரு பங்கைச் சுரங்கத்தார் போல்டன்-வாட் நிறுவனத்துக்குச் செலுத்தினர். ஜோனதன் ஹார்ன்புளோயர் 1781இல் உரிமை பெற்ற இரட்டை உருளை எந்திரமோ, வாட் தரப்பின் எதிர்ப்பால் வளரவே இல்லை.

1811இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளரின் பொறுப்பில் மாத அறிக்கை ஒன்று தொடங்கியது. ஒவ்வோர் எந்திரமும் ஒரு புஷல் கரியில் எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்தியது என்பதைப் பெயர் சொல்லி வெளியிட்டது. தொடக்கத்தில் 2 கோடியை எட்டாத சராசரி, 1840களில் 6 கோடியை ஒட்டி வந்தது. 1835இல் ஃபோவே கன்சோல்ஸ் சுரங்கத்தில் வில்லியம் வெஸ்டின் எந்திரம் ஒரு சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. இவ்வேற்றம் எந்தத் தனி மேதையின் கொடையும் அன்று. ரிச்சர்ட் டிரெவித்திக் 1812இல் உயரழுத்த நீராவியைக் கொண்டு இயக்கிய எந்திரத்துக்கு உரிமை கோரவில்லை. ஆர்தர் வுல்ஃபின் கூட்டு எந்திரம் முதலில் முந்தியது. எளிய ஒற்றை உருளை அதற்கு ஈடுகொடுத்ததை அறிக்கையே ஊரறியக் காட்டியது. சாமுவேல் குரோஸ் கொதிகலனிலிருந்தும் குழாய்களிலிருந்தும் வெப்பம் வீணாகாதபடி போர்த்தினார். பெரிதும் சிறிதுமான திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

கணக்கை இப்படிப் பகிர்ந்ததைப் பெருந்தன்மை என்று கொள்வது பிழை. ஒரு சுரங்கம் நீரை மலிவாக இறைத்ததால் அடுத்த சுரங்கத்தின் தாது விலை குறையவில்லை. செம்புத் தாது ஸ்வான்சி உருக்காலைகளின் முகவர்களிடம் ஏல முறையில் விற்கப்பட்டது. பங்குதாரர்களோ பல சுரங்கங்களில் முதலிட்டிருந்தனர். ஒன்றில் கண்ட சிக்கனம் மற்றதிலும் பரவுவது அவர்களுக்கே ஆதாயம். பொறியாளர்கள் ஒரே முதலாளியின் ஊழியர் அல்லர். அச்சேறிய எண்ணே அவர்களுக்கு அடுத்த வேலையைத் தேடித் தந்தது. நலன்கள் இவ்வாறு பின்னியிருந்ததால்தான் கணக்கு திறந்திருந்தது. போட்டியாளர்கள் தரவைப் பகிர வேண்டும் என்று பொதுப்பட அறிவுரை கூறுவோர் இந்த அமைப்பைக் காண்பதில்லை. தம் செலவுகளில் எவை சந்தைப் போட்டிக்கு வெளியே நிற்கின்றன என்பதே ஒரு நிறுவனம் முதலில் ஆராய வேண்டியது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. தனி ஒடுக்கியைப் போன்ற அடிப்படைக் கண்டுபிடிப்பு, பயன் தருமுன் ஆண்டுக்கணக்கில் பணத்தை விழுங்கும்; அதற்கு மாத அறிக்கை போதாது, போல்டன்களே வேண்டும். அறிக்கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெளிவந்தும் 1850க்குப் பின் சராசரி சரிந்தது. 1860களில் செம்புச் சுரங்கங்கள் நொடிந்தன. அச்சிட்ட கணக்கு மிஞ்சியது. அதைப் படித்து எந்திரத்தைத் திருத்துவதில் ஆதாயம் கண்டோர் குறைந்துவிட்டனர்.