குருதி உரைக்கும் செய்தி

பினாங்குத் தமிழர் ஒரு காலத்தில் கப்பலேறிச் சென்றிறங்கிய சென்னை மாநகர், எச்.ஐ.வி. மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டலில் குருதி மாதிரிகளைத் திரட்டி வேலூரில் சோதித்தார். இந்தியாவில் இக்கிருமி புகுந்துவிட்டமை அப்பொழுதே வெளிப்பட்டது. மலேசியாவின் முதல் தொற்றும் அவ்வாண்டிலேயே அறியப்பட்டது.

நோய் உண்டா என்பது ஒரு வினா. அது எத்துணை முற்றியுள்ளது என்பது வேறொரு வினா. பின்னதற்கு விடை தருவது சி.டி.4 எனும் வெள்ளணுக்களின் தொகை. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் அது 200-க்குக் கீழிறங்கின், காசநோய் முதலியன எளிதில் பற்றும். அதனை எண்ணும் கருவியோ விலைமிக்கது. ஏழை நோயாளிக்குச் சோதனைக் கட்டணமே மதிலாய் நின்றது.

சுனிதி அம்மையார் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தில் மருத்துவர் குமாரசாமியும் உடனுழைத்தோரும் எளிய வழியொன்றை நாடினர். வெள்ளணுக்களுள் ஒருவகையான நிணநீர் அணுக்களின் மொத்தத்தைச் சிறிய ஆய்வுக்கூடமும் கணக்கிட்டுவிடும். அம்மொத்தம் 1400-க்குக் குறையின் சி.டி.4 தொகையும் 200-க்குக் குறைந்திருக்கக்கூடும் என 2002-இல் வெளியிட்டனர். வறியோர்க்கு வழிகண்ட இம்முயற்சி, பெருங்கருவிகளின் புகழுக்குச் சற்றும் குறைந்ததன்று.

2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கட்டணமற்ற கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிற்று. ஆயின், மருந்துண்போரிடம் அவ்வெளிய கணக்கு நம்பத்தக்கதாயில்லை. மருந்து தோற்கும்போது குருதியில் கிருமியே முதலிற் பெருகும். அணுக்கள் பின்னரே குறையும். ஆதலின் 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம், சிகிச்சையைக் கண்காணிக்கக் கிருமியின் அளவை நேரே அளப்பதையே முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது.