காற்று, நிலக்கரி, எண்ணெய், வெயில்: நமது துறைமுகத்தின் கதை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முத்துநகர் விவசாயிகள் 2025 செப்டம்பரில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கியதிலிருந்து நமக்குள் இரண்டு கட்சி. ஜும்ஆ முடிந்து பள்ளி முன்றலில் நின்றாலும், தேத்தண்ணிக் கடையில் குந்தினாலும் இதே பேச்சு. ஒரு கட்சி சொல்வது: "உலகம் சூடாகுது, நிலக்கரி வேணாம் என்டு நாமதானே கத்தின? இப்ப சோலார் வந்தா அதுக்கும் எதிர்ப்பா?" மற்றக் கட்சி: "காலநிலை மாற்றம் என்டதே காணி பிடிக்கிறதுக்கு வெச்ச புதுப் பேர்." இரண்டு பேச்சிலும் ஒரு பாதி சரி, ஒரு பாதி பிழை என்பது என் எண்ணம். நான் வரலாறு படிப்பிக்கிறவன். அதனால் கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சொல்கிறேன்.

முதலில் காற்று. நாம் வாடை என்றும் கச்சான் என்றும் சொல்கிற இரண்டு பருவக் காற்றுகள்தான் ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தின் எஞ்சின். ஆங்கிலத்தில் பருவக்காற்றுக்குச் சொல்கிற 'மொன்சூன்' என்ற சொல்லே அரபு 'மவ்ஸிம்' என்பதிலிருந்து வந்தது. பருவம் என்று அர்த்தம். நமது முன்னோர்கள் கப்பலேறிய காலத்துச் சொல் அது.

சென்னைப் பட்டினத்துக்கு அப்போது துறைமுகம் கிடையாது, வெறும் திறந்த கடல். ஒக்டோபரில் வாடை தொடங்கினால் அங்கே நங்கூரம் போட்ட கப்பலுக்கு உயிர் இல்லை. இங்கிலாந்துக் கடற்படை தெற்கே சுற்றிப் பம்பாய்க்கு ஓட வேண்டும். திரும்பி வர மாதங்கள். அந்தக் கரையில் எந்தப் பருவத்திலும் ஒதுங்கக்கூடிய பெரிய இடம் நமது குடாதான். 1659 நவம்பர் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் புது மரம் தேடிக் கொட்டியாரத்துக்கு வந்ததும் இதனால்தான். அதில் வந்த றொபேட் நொக்ஸை 1660இல் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய இருபது வருடம் சிறை. மூதூரில் அவருக்கு வைத்த நினைவுக் கல்லைக் கடந்து போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்த மனிதரை இங்கே கொண்டுவந்தது வாடைக் காற்று.

காற்றுக்காகவே சண்டையும் நடந்தது. 1782 என்ற ஒரே வருடத்தில் நமது கோட்டைகளில் மூன்று கொடிகள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பிடித்தார். பிறகு சமாதான ஒப்பந்தத்தில் ஒல்லாந்தருக்கே திரும்பி, 1795இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 'திருகோணமலை' என்று பெயர் வைத்த ஒரு பாய்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூல் என்ற ஊரில் மிதக்கிறது. நமது ஊர்ப் பெயர் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சண்டை பிடித்த காரணம் மட்டும் மறந்து போய்விட்டது.

அடுத்தது நீராவி. இங்கேதான் நமது ஊர் விழுந்தது. நிலக்கரியில் ஓடும் கப்பலுக்குக் காற்றிலிருந்து ஒதுங்குவதைவிட, வழியில் கரி ஏற்றுவதே முக்கியம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள், பத்து வருடத்தில் முடித்தார்கள். கடவுள் தந்த துறைமுகம் இங்கே இருக்க, கல்லைப் போட்டுச் செய்த துறைமுகம் அங்கே வளர்ந்தது. 1905இல் பிரித்தானியக் கடற்படை செலவு மிச்சம் பிடிக்க உலகத்தில் பல தளங்களை மூடியபோது நமது தளமும் அதில் அகப்பட்டது. அதை முடிவெடுத்தவர்கள் லண்டனில் இருந்தவர்கள். இங்கே வேலை இழந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

காலநிலைக் கதை நேற்று யாரோ கட்டிவிட்டது என்று சொல்கிற நண்பர்களுக்கு ஒன்று. கொழும்பில் கரிக்கப்பல்கள் நிறைந்திருந்த 1896இலேயே, சுவீடனின் அரீனியஸ் என்ற விஞ்ஞானி, காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று பென்சிலும் தாளும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். 1938இல் பிரித்தானியாவின் கலண்டர் என்பவர், ஏற்கனவே சூடு கூடியிருக்கிறது என்று வெப்பமானிப் பதிவுகளைக் காட்டினார். அவர் அரசியல்வாதி அல்ல, நீராவி எஞ்சினியர்.

எண்ணெய்க்கு வருவோம். போர்க்கப்பல்கள் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியதும் செத்துக் கிடந்த துறைமுகத்துக்கு உயிர் வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் சீனக்குடாக் காட்டுக்குள் தாங்கிகள் எழும்பின. இன்று எண்ணினால் 99. எல்லாமாக ஏறக்குறைய பத்து இலட்சம் தொன் கொள்ளும். அதற்கு விலையும் கொடுத்தோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்தது இந்தத் துறைமுகத்துக்காகவும் எண்ணெய்க்காகவும்தான். ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மீதே விழுந்து எரிந்தது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. 2003இல் தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனிக்குக் குத்தகைக்குப் போனதும், 2022 ஜனவரியில் 14 அவர்களுக்கு, 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேரின் கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே.

சம்பூர்தான் இந்தக் கதையின் நடுப்புள்ளி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

2006ஐ மூதூர்ப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் முஸ்லிம்கள் பிள்ளை குட்டிகளோடு கந்தளாய்ப் பக்கம் ஓடினோம். சம்பூர்த் தமிழர்கள் ஏப்ரலிலிருந்தே குண்டுக்குள். செப்டம்பர் தொடக்கத்தில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. நாம் சில வாரங்களில் திரும்பினோம். அவர்களால் முடியவில்லை. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள்.

இப்போது திகதிகளைப் பாருங்கள். ஊர் காலியாகி நான்கு மாதம் ஆகவில்லை, 2006 டிசம்பரில் மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. 2007 மே மாதம் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானி வந்தது. 2011இல் கூட்டுக் கம்பனி ஒப்பந்தம். சொந்தக்காரன் முகாமில் இருக்க, அவன் முற்றத்தில் புகைபோக்கி எங்கே வரும் என்று கொழும்பிலும் டில்லியிலும் கோடு போட்டார்கள்.

ஏன் சம்பூர்? மறுபடியும் நமது குடாவின் ஆழம்தான் காரணம். 500 மெகாவாட் நிலையம் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் கரி எரிக்கும். அவ்வளவையும் கப்பலில் கொண்டுவர ஆழமான கரை வேண்டும், எந்திரம் குளிரக் கடல் நீர் வேண்டும். குளிர்வித்து வெளியே வரும் வெந்நீர் திரும்பவும் கொட்டியாரக் குடாவுக்குள்தான். மகாவலி வந்து கலக்கிற, மூதூரும் கிண்ணியாவும் வலை போடுகிற குடா. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலையத்தின் தூசியும் சாம்பலும் வயலில் விழுகிறது என்று அங்குள்ளவர்கள் முறையிட்டதும் அதற்குள் நமது காதுக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அதுவரை நடக்காதது நடந்தது. சம்பூர்த் தமிழரும் மூதூர் முஸ்லிம்களும் ஒரே பதாகையின் கீழ் நின்றார்கள். பத்து வருடத்துக்கு முன்னர் ஒருவரை ஒருவர் பயந்து ஓடிய சனம். 2016இல் என்வயன்மென்டல் பவுன்டேசன் என்ற சூழல் அமைப்பு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டது. அந்த வருடம் செப்டம்பரில், நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கமே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதே மாதம்தான் இலங்கை பாரிஸ் காலநிலை உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. ஆகவே "காலநிலை வெள்ளைக்காரன் பிரச்சினை" என்று சொல்கிறவர்கள், குடாவைக் காப்பாற்றிய வாதங்களில் அதுவும் ஒன்று என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெந்நீரும் சாம்பலும் மட்டும் போதியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் காணி? 2015, 2016இல் சம்பூரில் ஆயிரம் ஏக்கரளவில் திரும்பக் கிடைத்தது. அனல் மின் நிலையத்துக்கென்று ஒதுக்கிய ஏறக்குறைய 500 ஏக்கர் அதற்குள் இல்லை. நிலக்கரி போனது, வேலி போகவில்லை. அந்த வேலிக்குள்தான் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, கொழும்பில் இருந்தபடியே இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் 120 மெகாவாட் சூரிய மின் நிலைய வேலையைத் தொடக்கி வைத்தார்கள்.

சோலாரை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. கணக்கை மட்டும் நேர்மையாகப் போடுவோம். 500 மெகாவாட் கரி நிலையம் நன்றாக ஓடினால் வருடம் சுமார் 350 கோடி யூனிட் தரும். 120 மெகாவாட் சோலார் சுமார் 20 கோடி யூனிட். வெயில் பகலில் மட்டும், நமக்குக் கரண்ட் அதிகம் தேவை மஃரிபுக்குப் பிறகு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்று எல்லோரும் குரங்கைப் பற்றியே சிரித்தோம். ஞாயிறு பகலில் பாவனை குறைவு, சோலார் பங்கு அதிகம். சுழலும் பெரிய எந்திரங்கள் குறைவாக இருந்தபடியால் அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை விளக்கம் சொன்னது. "அப்ப சோலார்தான் பிழை" என்று உடனே தீர்ப்புச் சொன்னார்கள் சிலர். சோலார் பிழை அல்ல, பற்றரியும் நல்ல மின் கட்டமைப்பும் இல்லாமல் சோலாரை மட்டும் கூட்டுவதுதான் பிழை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். கரி காற்றைக் கெடுத்தது, வெயில் நிலத்தைக் கேட்கிறது. கேட்கிற நிலம் எது என்பதில்தான் முத்துநகர் வருகிறது. முஸ்லிம்களும் தமிழர்களும் நெல் விதைத்துச் சாப்பிட்ட வயல், தாளில் துறைமுக அதிகார சபையின் காணி. அந்தத் தாளைக் காட்டித்தான் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். சம்பூரில் வர்த்தமானி செய்த வேலையை இங்கே பழைய உறுதி செய்கிறது. அந்த விவசாயி உலகம் சூடாவதை மறுக்கவில்லை. மழை பிந்துவதும் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுவதும் நம் எல்லோருக்கும் முன்னர் அவனுக்குத் தெரியும். வயலை விட்டுவிட்டுத் தரிசில் போடு, கூரையில் போடு என்கிறான். இதை 'அபிவிருத்திக்கு எதிர்ப்பு' என்று எழுதுகிறவர்கள் சத்தியாக்கிரகப் பந்தலுக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்கட்டும்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி. சம்பூர் சோலாரைத் தொடக்கிய அதே ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இன்னொரு தாளிலும் கையெழுத்தானது: இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம். அதில் எண்ணெய்க் குழாயும் பேசப்படுகிறது. குடாவின் ஒரு கரையில் வெயில், மறு கரையில் தாங்கிகளுக்கு மறுபடி எண்ணெய், ஒரே நாளில். சோலாருக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று பிரிந்து நிற்கிற இரண்டு கட்சியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய் கடலுக்கடியிலிருந்து கரையேறி எந்தக் காணி வழியாகப் போகும் என்று கேட்க 2006இல் நம்மிடம் சட்டம் இருக்கவில்லை. இப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுத யாருக்காவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாடசாலை விட்ட பிறகு உட்கார்ந்து எழுதலாம்.