கிரேசி மோகன்: சபா மேடையும் சாம்பாரில் விழுந்த மீனும்

நடிகருக்காக அன்றி, எழுதியவரின் பெயருக்காகவே பார்க்கப்பட்ட நகைச்சுவைத் தொடர்கள் தமிழ்த் தொலைக்காட்சியில் மிகச் சில. அவற்றுள் முதன்மையானவை கிரேசி மோகன் எழுதியவை. 1952 அக்டோபர் 16 அன்று பிறந்த மோகன், கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்று, சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணிபுரிந்தார். எஸ்.வி. சேகரின் குழுவுக்காக 1976இல் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகமே அவர் பெயருக்கு முன்னொட்டானது. 1979இல் சொந்தக் குழுவான ‘கிரேசி கிரியேஷன்ஸ்’ தொடங்கியது. தம்பி பாலாஜி ‘மாது’வாக நடித்த நாடகங்கள் மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கும் வந்தன. ஜெயா தொலைக்காட்சியின் ‘விடாது சிரிப்பு’ பலர் நினைவில் நிற்பது. 2019 ஜூன் 10 அன்று சென்னையில் காலமானார்.

ஒரு சொல்லை ஒருவர் சொல்ல, மற்றவர் வேறொன்றாகக் கேட்க, அந்தப் பிழைமேல் பிழையாகக் காட்சி வளர்வது அவரது முறை. கறுப்பு நிறத்தையும் எளியோரின் தொழிலையும் இழித்துச் சிரிப்பு தேடிய தமிழ்த்திரை மரபுக்கு நடுவே, சொல்லையே பெரிதும் நம்பிய எழுத்து இது. இந்தப் பெருமையை அவருக்கு மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்தச் சிரிப்பு எந்த வீட்டுக்குள் நிகழ்கிறது? அவர் உரையாடல் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில், பிராமணச் சமையல்காரர் பொறுப்பேற்ற கல்யாண விருந்தின் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. காட்சி முழுவதும் அந்தப் பதற்றத்தில் ஓடுகிறது. மீன் அன்றாட உணவாக இருக்கும் பெரும்பான்மைத் தமிழரும் அதற்குச் சிரித்தோம். நம் தட்டில் இருப்பது இன்னொருவரின் தீட்டு என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் சிரிப்பு வரும். ‘அவ்வை சண்முகி’ (1996) இன்னும் சுவாரசியமானது. ஐயர் வீட்டில் வேலை கிடைக்க நாயகனுக்குப் பெண் வேடம் போதவில்லை, மாமி வேடமும் வேண்டியிருக்கிறது. அதே வீட்டில் பாஷா என்னும் முஸ்லிம் பிராமணச் சமையல்காரராக நடிக்கிறார். சாதி என்பது உடுத்திக் களையக்கூடிய வேடம் என்று படமே காட்டிவிடுகிறது. ஆனாலும் வேடமிட்டேனும் ஒரு தலித் அந்த அடுக்களைக்குள் வருவதை அது கற்பனை செய்யவில்லை.

இது மோகன் ஒருவரின் குறை அன்று. கல்லூரி மேடை, மாத வருமானம், சென்னை சபாக்கள், அங்கிருந்து தொலைக்காட்சி என்று அமைந்த பாதையில் நடக்க யாருக்கு வாய்த்தது என்பதே கேள்வி. அதே ஆண்டுகளில் செஞ்சி, அனந்தபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் கட்டியக்காரன் விடிய விடிய நகைச்சுவை செய்துகொண்டிருந்தான். அரச வேடத்தை நிறுத்தி ‘யார் நீ?’ என்று கேட்பதும், பாரதக் கதைக்கு நடுவே ஊர்க்கதையை நுழைப்பதும் அவன் உரிமை. அவனுடைய பேச்சில் பெரும்பகுதி அந்த இரவிலேயே உருவாவது. மேலச்சேரியையும் செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டையும் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் ஆங்கிலத்தில் பெருநூல் எழுதினார். எனினும் கூத்தில் நகைச்சுவை புனைபவரை நாம் கலைஞர் என்கிறோம், எழுத்தாளர் என்பதில்லை. மோகனின் நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. கட்டியக்காரனின் ஓர் இரவுப் பேச்சைப் பதிவுசெய்து, சொல் பிசகாமல் எழுதி, பேசியவரின் ஒப்புதலோடு அவர் பெயரை ஆசிரியராக இடுவது இவ்வட்டாரக் கல்லூரித் தமிழ்த் துறைகளால் இயலாத வேலை அன்று.