உத்தமமும் அட்மோஸ்டும்

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் சின்னமனூர் கழிந்தால் உத்தமபாளையம். பாளையம் என்றால் படை இறங்கிய இடம். அதில் சிக்கல் இல்லை. அதற்கு முன்னால் நிற்கிற சொல்தான் என்னைச் சில காலமாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஆபீஸ் சுற்றறிக்கை ஒன்றிலிருந்த ‘அட்மோஸ்ட் கேர்’ என்பதைத் தமிழ்ப்படுத்த உட்கார்ந்தபோது, இந்த அட்மோஸ்டும் அந்த உத்தமமும் உறவுக்காரர்கள் என்பது உறைத்தது.

சமஸ்கிருதத்தில் ‘உத்’ மேல்நோக்கிய முன்னொட்டு. ‘தம’ உச்சத்தைக் காட்டும் விகுதி. இருப்பவற்றில் ஆக மேலே இருப்பது உத்தமம். பழைய ஆங்கிலத்தில் ‘ஊட்’ என்றால் வெளியே, இன்றைய ‘அவுட்’. அதோடு ‘மெஸ்ட்’ சேர, எல்லாவற்றுக்கும் வெளியே, விளிம்பில் கிடப்பது என்று ஆயிற்று. உத், ஊட் இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் ஒரே சொல். சுவாரசியம் விகுதியில்தான். ‘மெஸ்ட்’ ஒன்றல்ல, இரண்டு. அதிலுள்ள மகரம், ‘தம’வின் மகரத்துக்கு உறவான பழைய விகுதி, அதுவே உச்சத்தைச் சொல்லி முடித்துவிட்டது. அது காதில் உறைக்காமல் போன காலத்தில் மேலே ‘எஸ்ட்’ ஒட்டினார்கள். பிற்பாடு அதுவும் தேயவே, விகுதி முழுவதையும் ‘மோஸ்ட்’ என்ற தனிச்சொல்லாக எண்ணி உருமாற்றிக்கொண்டார்கள். ‘ஃபோர்மோஸ்ட்’ கதையும் இதுவே. நாம் மட்டும் என்ன, உத்தமம் போதாமல் உத்தமோத்தமம் என்றோம். நம் மதிப்புரைகளில் ‘தலைசிறந்த’ என்பதற்கு இன்று என்ன கனம் இருக்கிறது?

தமிழ்ப் பெயரடைக்கு இப்படி விகுதி ஏற்று உச்சத்துக்குப் போகும் வழக்கம் இல்லை என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே காட்டிவிட்டார். இதைக் குறையாக எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. தலை, இடை, கடை என்று இடத்தைச் சொல்லும் சொற்களை வைத்தே நாம் தரத்தையும் சொல்லிவிடுகிறோம். தலைச்சனும் கடைக்குட்டியும் எந்த விகுதியின் தயவிலும் பிறக்கவில்லை. அட்மோஸ்டும் இடத்திலிருந்து புறப்பட்டதுதான்: முதலில் வெளி விளிம்பு, பிறகு அளவின் எல்லை. ஆங்கிலம் அந்த அளவில் நின்றுகொண்டது. உத்தமம் அங்கே நிற்காமல் ஒழுக்கத்துக்குள் புகுந்தது. உத்தமன் உண்டானான், உத்தமி உண்டானாள், உத்தமிக்குச் சோதனைகளும் உண்டாயின.

ஆனால் இலக்கணக்காரர்களிடம் இந்த ஒழுக்க வாடை கிடையாது. அவர்கள் வரிசையில் ‘அவன்’ பிரதம புருஷன், ‘நீ’ மத்தியம புருஷன், ‘நான்’ உத்தம புருஷன். இங்கே உத்தமம் என்றால் கடைசி, அவ்வளவுதான். தன்னை உத்தமன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் இதில் இடமில்லை.

என் பிழைப்போடு சம்பந்தப்பட்ட சொல் ஒன்று பாக்கி. கடன் கொடுத்தவனுக்குச் சமஸ்கிருதத்தில் உத்தமர்ணன் என்று பெயர். உத்தமத்தோடு ருணம் சேர்ந்தது. பாணினி தம் வேற்றுமை விதியொன்றில் இதை எடுத்தாள்கிறார்: கடன்பட்டிருப்பதைச் சொல்லும் வினையோடு வரும்போது உத்தமர்ணன் நான்காம் வேற்றுமை ஏற்பான். தமிழிலும் நாம் ‘அவருக்கு’த்தான் கடன்பட்டிருக்கிறோம். கடன் வாங்கியவனோ அதமர்ணன். அதமம் என்பதும் உச்சச் சொல்தான், கீழ்ப்பக்கத்து உச்சம். ஆரம்பத்தில் இது மேல், கீழ் என்ற வெறும் இடக்குறிப்பாகவே இருந்திருக்கலாம். உத்தம புருஷனைப் பார்த்தால் அப்படித்தான் படுகிறது. ஆனால் உத்தமம் குணமாக மாறிய பிறகு இந்த ஜோடி மட்டும் எப்படிக் களங்கமில்லாமல் இருக்க முடியும்? கொடுத்தவன் மேலானவன், வாங்கியவன் ஈனன் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, மத்தியமத்துக்கு, சொல்லே இல்லை.

நகைக்கடனுக்கு வருகிற திராட்சைத் தோட்டக்காரர்களிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. போன வாரம் ஒருவர் கடன் மனுவில் ஊர் என்ற இடத்தில் உத்தமபாளையம் என்று எழுத்தெழுத்தாக எழுதி முடிக்கும்வரை பேனாவை இரவல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.