கண்ணாடி ஏற்றும் குட்டி மோட்டார்!

பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஐப்பசி மழை திடீரென்று பிடித்துக்கொள்கிறது. கார் கண்ணாடியை ஏற்ற ஸ்விட்ச்சை அழுத்துகிறீர்கள். 'டிக்' என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான்! பாதியில் நின்ற கண்ணாடி, 'நம்மால ஆகாதுங்க' என்று மக்கர் பண்ணுகிறது. பின் ஸீட்டில் பனியன் சாம்பிள் மூட்டை வேறு!

காரணம், கதவுக்குள் ஒளிந்திருக்கும் உள்ளங்கை அளவு மோட்டாராக இருக்கலாம். அதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை - வேலை நிறுத்தம் செய்யும் வரை! ஆனால், அந்தக் குட்டி மோட்டாருக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் நம்ம திருப்பூர் வழியாகவும் போகிறது.

1821. லண்டன். மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டார். மின்சாரம் பாய்ந்ததும், கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உலகின் எல்லா மின் மோட்டார்களுக்கும் முப்பாட்டன் அந்தக் கிண்ணம்தான். ஃபாரடே யார்? கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்ற பையன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை!

மோட்டார் காருக்குள் நுழைந்த கதை இன்னும் சுவாரஸ்யம். அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் பண்ண, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும், தாடை பெயரும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினீயர், கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி மெஷினுக்கு ஏற்கெனவே மோட்டார் பொருத்தியவர். அதில் அவர் கண்டுகொண்ட ரகசியம் எளிமையானது. நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும். சில விநாடிகள் மட்டும் வேலை செய்தால் போதும் என்றால், ஒரு சின்ன மோட்டாரையே முரட்டுத்தனமாக உழைக்க வைக்கலாம். சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும்! 1912 மாடல் காடிலாக் கார், ஸ்விட்ச்சில் உயிர்பெற்றது அப்படித்தான்.

1940-ல் பேக்கார்ட் கம்பெனி, ஸ்விட்ச்சை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடியைத் தன் ஆடம்பரக் காரில் கொண்டு வந்தது. ஆரம்பத்தில் எண்ணெய் அழுத்தம் அந்த வேலையைச் செய்தது. பிற்பாடு ஒவ்வொரு கதவுக்குள்ளும் நேரடியாக மோட்டாரே குடியேறிவிட்டது.

சரி, திருப்பூருக்கு வருவோம்!

1893-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, பள்ளிக்கூடத்தை ஆரம்ப வகுப்புகளோடு முடித்துக்கொண்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அந்த இளைஞருக்குப் பித்துப் பிடித்தது. கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியதும் ஜம்மென்று ஊரைச் சுற்றினாரா? ஊஹூம்! அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பரப்பினார். பிறகு மறுபடி பூட்டினார். அவருடைய இன்ஜினீயரிங் காலேஜ் அதுதான்.

அடுத்து, திருப்பூரில் பருத்தி அரவைத் தொழில். முதல் உலகப் போர்க் காலத்தில் பணம் கொட்டியது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய், பருத்தி வியாபாரத்தில் கோட்டை விட்டார். மனுஷர் அசரவில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்ட ஆரம்பித்தார். அது பிற்பாடு இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்களாகப் பெருகியது.

1930-களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. மில்கள் பெருகின. மோட்டாருக்கோ வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும். 1937-ல் நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் ஒன்றை உருவாக்கினார்கள். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வது அதைத்தான்! பிறகு பம்ப்செட், கிரைண்டர் என்று கொங்கு மண்டலமே மோட்டார் தேசமாகிவிட்டது. பழுதான மோட்டாரைத் தூக்கியெறியாமல் காயில் கட்டித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன.

இப்போது காருக்கு வாருங்கள். 'மோட்டார் போச்சு, மொத்த செட்டையும் மாத்தணும்' என்று யாராவது சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். முதலில் வியாதி என்ன என்று பாருங்கள்.

குழந்தைகள் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடினார்களா? கெட்டரிங்கின் ரகசியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது சில விநாடி உழைப்பாளி! சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் துண்டித்திருக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடலாம். அடுத்து ஃபியூஸ். அதற்கும் அடுத்து காது! மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் கண்ணாடி அசையவில்லையா? பாவம், மோட்டார் பேரில் தப்பில்லை. கண்ணாடியைத் தூக்கும் கேபிளோ பல்சக்கரமோ போயிருக்கிறது. சத்தமே இல்லையென்றால், மோட்டாரின் சாக்கெட்டில் ஒரு டெஸ்ட் லைட்டை வைத்து ஸ்விட்ச்சை அழுத்துங்கள். விளக்கு எரிந்தால் கரன்ட் வருகிறது, மோட்டார்தான் அவுட்! எரியாவிட்டால் ஸ்விட்ச்சையும், கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்களையும் பாருங்கள். கதவைத் திறந்து மூடி அவை அறுந்து போவதுண்டு.

மோட்டார்தான் என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்து, ஓரத்து கிளிப்புகளை மெதுவாக நெம்பினால் கதவின் உள் அட்டை கையோடு வரும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், பின்னால் ஒயர்கள் இருக்கின்றன. அடுத்து வரும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரியுங்கள். மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். கண்ணாடியை மேலே தூக்கி, நல்ல டேப்பால் ஃபிரேமோடு ஒட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை! கத்தரிக்கோல் மாதிரி விரியும் கைகள் உள்ள அமைப்பு என்றால், அதில் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். இத்தனை நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததே மோட்டாரின் பல்சக்கரம்தான். கைகளை கிளாம்ப் போட்டு இறுக்காமல் மோட்டாரைக் கழற்றினால் விரலைப் பதம் பார்த்துவிடும். கிளாம்ப் போட வழி தெரியவில்லையா? அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பழைய மோட்டாரை எறிவதற்கு முன் ஒரு கணம் பாருங்கள். உள்ளே திருகு மாதிரி ஒரு தண்டு, ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். தண்டு சக்கரத்தைத் திருப்பும், சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. கண்ணாடியைக் கையால் அழுத்தினாலும் சுலபத்தில் இறங்காமல் நிற்கும் ரகசியம் அதுதான். தேய்ந்தது கார்பன் பிரஷ் மட்டும் என்றால், விஷயம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அதையே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

புது மோட்டாரைப் பூட்டி, உள் அட்டையை மூடுவதற்கு முன்பே ஏற்றி இறக்கிப் பாருங்கள். விரலோ தலையோ தடுத்தால் தானே இறங்கும் கண்ணாடி என்றால், காரோடு வந்த கையேட்டில் சொன்னபடி அதற்கு மறுபடி 'பாடம்' சொல்லித் தர வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். இந்தக் குட்டி மோட்டார் ஒரு குழந்தையின் கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் பலசாலி. வெளிநாடுகளில் அப்படி உயிர்கள் போன பிறகுதான் சட்டங்கள் கடுமையாயின.

1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார் நாயுடு. இன்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் வீண், குறுகிய காலத்தில் மெஷினைத் தொட்டே கற்றுக்கொள்ளலாம் என்று வாதாடி, அது எடுபடாமல் விலகினார். 1974-ல் அவர் மறைந்தார். படிப்பு விஷயத்தில் அவர் சொன்னது சரியா, தப்பா என்று நீங்கள் வாதாடலாம். ஆனால், இன்றைக்கு நாம் வாங்கும் பொருள்களில் பாதி, 'என்னைத் திறக்காதே' என்று ஸீல் வைத்தே வருகின்றன. திறக்காத தலைமுறைக்குச் செய்யவும் தெரியாமல் போய்விடும். அது ஒரு மோட்டாரின் விலையைவிடப் பெரிய நஷ்டம் இல்லையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைக் கழற்றும்போது, வீட்டுப் பையனையும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம் அவர்கள் கையில் இருக்கட்டும்!