தாம்பரமும் ஒரு நோய்ப்பெயரின் அசையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்வண்டித் தடத்தில், தாம்பரத்திற்கு முன்னுள்ள நிலையம் சானடோரியம் எனப் பெயர் பெற்றது. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து ஈண்டு நிறுவிய காசநோய் மருத்துவமனையே அப்பெயர்க்குக் காரணம். 1937இல் அதனைச் சென்னை மாகாண அரசு ஏற்றது. மருத்துவமனையின் பெயர் இடப்பெயராகி மக்கள் நாவில் நிலைத்தது. அங்கு நோற்கப்பட்ட நோயின் ஆங்கிலப் பெயரோ டி.பி. எனச் சுருங்கிற்று. அதன் முழு வடிவத்தை ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

டியூபர்குலோசிஸ் என்பது சிறு கணு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லோடு கிரேக்க ஈறு புணர்ந்தது. ஆங்கிலேயர் அதனை டியூ, பர், கு, லோ, சிஸ் என ஐந்தாகப் பகுத்து, லோ என்பதை அழுத்தி ஒலிப்பர். யாப்பு முறையில் அலகிடின் டியூ-பர்-குலோ-சிஸ் என நான்கே அசை. நிரை நேர் நிரை நேர், வாய்பாடு புளிமாநறும்பூ. (கொடிய நோய்க்கு நறும்பூ வாய்த்தது இலக்கணத்தின் குறும்பு போலும்!) குறிலும் நெடிலும் இணைந்து ஓரசையாதலின் குலோ பிரியாது. சிலபிள் என்பதும் அசை என்பதும் ஒன்றே எனக் கொள்வார் ஈண்டு இடர்ப்படுவர்.

இனி ஒலிப்பு. உயிர்களுக்கிடையே வல்லினம் வன்மை குன்றி ஒலித்தல் நம் மொழியியல்பு. ஆதலின் இச்சொல்லின் பகரமும் சகரமும் வேற்றெழுத்தின் துணையின்றியே ஆங்கில ஒலியைத் தருகின்றன. ககரம் மட்டும் ரகர ஒற்றின்பின் மெலிந்து பிழைபடுகின்றது. பார்க்க என்பதிற்போல ஒற்று மிகுத்துப் பர்க்குலோ என எழுதின் ஒலி திருந்தும்; பர்க் என்பதும் நேரசையேயாதலின் அலகு மாறாது. சானட்டோரியம் என இரட்டித்தலோ அத்தகையதன்று. சா-னடோ-ரியம் என்னும் மூவசை, சா-னட்-டோ-ரியம் என நாலசையாகின்றது. எனினும் மக்களுட் பலர் இரட்டித்தே வழங்குகின்றனர். அலகினும் ஒலியைப் பேணிய அவர் வழக்கே தக்கது என்பது எம் கருத்து.

இஃது எழுத்தளவில் நிற்கும் வினா அன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய மருந்தாய்வு, இல்லத்திலிருந்து மருந்துண்டவரும் மருத்துவமனையில் தங்கியவரை ஒப்பக் குணமடைதலை 1959இல் காட்டிற்று. அதன்பின் நோயாளர் பலர் தம் வீட்டிலேயே மாதக்கணக்கில் மருந்துண்ணலாயினர். தம் நோயின் பெயரைச் சொல்ல இயலாதவர் அதுபற்றி ஐயம் வினவுதல் அரிது.

காசநோய் என்பது கூவிளமாய் நாவிற்கு எளிதே. ஆயின் காசம் என்பது இருமலைக் குறிக்கும். முதுகெலும்பில் இந்நோய் பற்றியவர்க்கு இருமலே இராதிருத்தலும் உண்டு. அவரிடம் காசநோய் என்றால், தமக்கு இருமல் இல்லையே என்பர்.