செயலற்ற பயனர்பெயர் (கிட்ஹப்)

செயலற்ற பயனர்பெயர் என்பது, மென்பொருள் உருவாக்குநர் தளமான கிட்ஹப்பில் பதிவுசெய்யப்பட்டுப் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் கணக்குப் பெயர். 2008இல் தொடங்கிய இத்தளத்தில் பெயர்கள் முதலில் வருபவருக்கே உரியவை. பிற்காலத் தேவைக்கென அவற்றைப் பிடித்து வைப்பதை விதிகள் தடைசெய்கின்றன. அத்தகைய கணக்கின் பெயரை நிறுவனம் மாற்றலாம் அல்லது கணக்கையே நீக்கலாம். தனிக் களஞ்சியங்களில் (நிரல் சேமிப்பிடங்களில்) நடக்கும் பணி வெளியே தெரியாது என்பதால், வெறிச்சோடிய பக்கத்தை மட்டும் வைத்து ஒரு கணக்கைச் செயலற்றது எனக் கொள்ள முடியாது.

இவ்வாறு விடுபட்ட பெயர் வேறொருவரிடம் கைமாறுவதன் ஆபத்து தானியங்கிச் சோதனையில் மிகக் கடுமையானது. செலினியம் போன்ற திறமூலக் கருவிகளால் எழுதப்பட்ட சோதனைகளை, தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாக ஒவ்வொரு நிரல் மாற்றத்தின்போதும் ஓட்டுவது வழக்கம். அதற்கான யாமல் அமைப்புக் கோப்பில் ‘யூசஸ்’ என்று தொடங்கும் வரி, பிறர் எழுதிய நிரலை உரிமையாளர் பெயர், சாய்கோடு, களஞ்சியப் பெயர் என்ற வடிவில் அழைக்கிறது. கைவிடப்பட்ட பெயரை வேறொருவர் எடுத்து அதே பெயரில் களஞ்சியம் அமைத்தால், அவ்வரி அவருடைய நிரலை ஓட்டக்கூடும். இதைத் தடுக்க, பெயர் மாற்றத்துக்கு முந்தைய வாரத்தில் 100 முறைக்கு மேல் நகலெடுக்கப்பட்ட களஞ்சியங்களின் முழுப்பெயரை கிட்ஹப் மறுபயன்பாட்டிலிருந்து விலக்குகிறது. ‘யூசஸ்’ வரியில் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக கமிட்டின் (பதிவுசெய்யப்பட்ட நிரல் மாற்றத்தின்) 40 எழுத்து அடையாளக் குறியீடான ஹேஷைக் குறிப்பிடுவது இன்னும் உறுதியான காப்பு.